லீ தெருவிலிருந்து செயின்ட் லூக் கட்டடம்வரை: ஜாக்சன் வார்டு மக்களின் கோரிக்கைச் சாசனம்

ரிச்மண்ட் நகராட்சி, வர்ஜீனியா மாநில அரசு, தேசியப் பூங்காத் துறை ஆகிய மூன்றிடமும் ஜாக்சன் வார்டில் வாழும் நாங்கள் இவற்றைக் கேட்கிறோம்.

எங்கள் பேட்டையில் வாழ்ந்த மேகி லீனா வாக்கர், துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகள். 1903-இல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியை நிறுவினார். அமெரிக்காவில் வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். சில்லறைக் காசாகச் சேர்ந்த பணத்தில் அந்த வங்கி 1920-க்குள் 600-க்கும் மேற்பட்ட வீட்டுக்கடன்களைக் கொடுத்தது. லீ தெருவிலுள்ள அவர் வீடு 1978 முதல் தேசிய வரலாற்றுத் தலம்.

முதலில் சாலை. அவர் வீடு ஐ-95 நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருக்கிறது. அவர் தலைமையேற்று நடத்திய அமைப்பின் செயின்ட் லூக் கட்டடம் வடக்கே இருக்கிறது. நகர வாக்காளர்கள் இருமுறை மறுத்தும் வந்த சாலை அது. 1958-இல் திறந்தபோது எங்கள் பேட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. கடன் வாங்கி, உழைத்துக் கட்டிக்காத்த வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டிருந்தன. சாலை ஓடும் பள்ளத்தின்மேல் தளம் அமைத்து இரு பாதிகளையும் இணைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. சாலை போட அன்று இத்தனை யோசிக்கவில்லை. வேலை தொடங்கும் நாள், முடியும் நாள், பணம் வரும் வழி மூன்றையும் இந்த ஆண்டே அறிவியுங்கள்.

வாக்கர் வீட்டின் எல்லா அறைகளையும் சக்கர நாற்காலியில் வருபவரும் காண வழி வேண்டும். வாக்கரே கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தவர். அதற்காகவே வீட்டில் மின்தூக்கி வைத்தார். அவர் தமக்குச் செய்துகொண்டதை இன்றைய பார்வையாளருக்கும் செய்வதில் தாமதத்துக்கு இடமில்லை.

செயின்ட் லூக் கட்டடத்தில் 2009-இல் கிடைத்த பழைய ஆவணங்களின் ஒவ்வொரு தாளும் கட்டணமின்றி, பள்ளிப் பிள்ளைகளும் தேடிப் படிக்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் குடும்பங்கள் இங்கே உண்டு.

சாலை வருமுன் இருந்த பேட்டையைக் கண்ணால் கண்டவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் வேலை அடுத்த மாதமே தொடங்க வேண்டும். மற்றவை ஓராண்டு தள்ளினாலும் பிறகு செய்யலாம். இதை அப்படித் தள்ளிப்போட முடியாது.

மூன்று தரப்பும் 60 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை ஜாக்சன் வார்டுக்கே வந்து பொதுக்கூட்டத்தில் படிக்க வேண்டும்.