ஊர்பொறியும் உயிர்க்காப்பும்

புல்லறுக்கும் பொறி நெசவாலையிற் பிறந்தது என்று கூறின் ஆரணி மாந்தர் நகைப்பர். ஆயினும் அஃது உண்மையே. இங்கிலாந்து தேயத்து ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பார், கம்பளித்துணியின்மேல் எழுந்துநிற்கும் துய்யைச் சீவிச் சமனாக்கும் ஆலைப்பொறியைக் கண்டு, துணியைச் சீவும் அலகு புல்லையுஞ் சீவுமன்றோ எனக் கருதி, 1830-ஆம் ஆண்டில் தம் புதுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று அதனைப் பின்னின்று தள்ளினர். பின்னர்க் குதிரை இழுத்தது. இன்றோ ஓட்டுவோன் ஏறியமர்ந்து செலுத்தும் ஊர்பொறியாய் நிற்கின்றது.

நம் நாட்டில் இவ்வூர்பொறி கோல்ஃப் ஆடுகளங்களிலும், பரந்த புற்றரையுடைய கல்விநிலையங்களிலும் வழங்குவது. ஆரணிப் பக்கத்தில் அதனைக் காண்டல் அரிது. இராசேந்திர சோழனது கல்வெட்டாற் புகழ்பெற்ற திருமலைக் குன்றின் சுற்றுப்புறத்து நெல்வயல்களில் நாம் காண்பன டிராக்டரும் அதன் பின்னே சுழலும் ரோட்டவேட்டருமே. எனினும், மேலே மனிதன், கீழே அல்லது பின்னே சுழலும் இரும்பு என்னும் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றே. ஆதலின் இரண்டையுஞ் சேர்த்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் மிதியினின்று காலை எடுத்தால் தறி நின்றுவிடும். ஆள் நின்றால் கருவியும் நிற்றல் கைக்கருவியின் இயல்பு. எஞ்சின் கொண்ட பொறிக்கு இவ்வியல்பு இல்லை; ஓட்டுவோன் இறங்கிய பின்னும், விழுந்த பின்னும் அது தன்போக்கிற் சுழன்றுகொண்டேயிருக்கும். இக்குறையை நீக்கவே ஊர்பொறியின் இருக்கைக்கு அடியில் ஒரு சிறு சுவிட்சு வைத்தனர். அலகு சுழலும்போது ஓட்டுவோன் எழுந்தால் அஃது அலகை நிறுத்தும். ஆயினும் நம்மவர் செய்வதென்னை? சுவிட்சு அடிக்கடி தடைசெய்கின்றதென்று ஒரு துண்டுக் கம்பியால் அதனைப் பிணைத்துவிட்டு, அதனையே கைத்திறமெனக் கொண்டாடுகின்றனர். அமெரிக்க நியமம் அலகின் நுனிக்கு வகுத்த மேல்வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அவ்வேகத்தில் அலகு தாக்கி எறியும் கூழாங்கல் எத்தகையது என்று சொல்லவேண்டா. புல்லறுக்குமுன் தரையை நடந்து பார்த்துக் கல்லும் கம்பியும் பொறுக்குதலும், அருகிற் சிறார் நில்லாமற் காத்தலும், பின்னோக்கிச் செலுத்துமுன் திரும்பிப் பார்த்தலும் இதனாலேயே வேண்டப்படுவன.

டிராக்டரின் பின்னிருந்து ரோட்டவேட்டருக்கு விசை கொடுக்கும் தண்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது. நொடிக்கு ஒன்பது சுற்று. பட்டிழை முறுக்கும் பொறியை அறிந்த ஊரார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. தோளிற் கிடக்கும் துண்டின் நுனியோ வேட்டியின் கரையோ அத்தண்டிற் பட்டதாயின், கை நெம்புகோலை எட்டுமுன் துணி முழுதும் சுற்றிக்கொள்ளும். துணியோடு ஆளும் போவான். ஆலைகளில் ஓடும் பொறியை நெருங்கித் திருத்துவோன் உடலோடு ஒட்டிய உடையே உடுத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கதிரடிக்கும் பொறிகளிற் கையிழந்தோர் பலராயினமையின் 1983-ஆம் ஆண்டில் அப்பொறிகட்கெனவே ஒரு சட்டம் எழுந்தது. ஆயின் வரப்பின்மேல் நின்று நோக்குவார்க்குத் தோன்றுவது பறக்குந் துண்டும் மூடி கழன்ற தண்டுமே.

இனிச் சரிவு. ஏறியோட்டும் பொறியைச் சரிவின் குறுக்கே செலுத்தலாகாது. மேலுங் கீழுமாகவே செலுத்தல் வேண்டும். பின்னின்று தள்ளும் பொறிக்கோ விதி இதன் மறுதலை. பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவில், அஃதாவது 100 அடி செல்ல 27 அடி உயரும் நிலத்தில், ஊர்பொறி ஏறவே வேண்டா, அரிவாள் போதும். டிராக்டரோ சமநிலத்திலும் கவிழும். பின்சக்கரம் சேற்றிற் புதைந்தவிடத்து விசையை மிகுத்து முன்னோக்கி எழுப்ப முயன்றால், சக்கரம் சுழலாது வண்டியே சுழன்று, மூக்குத் தூக்கி ஓட்டுவோன்மேல் மல்லாந்துவிடும். மெல்லப் பின்னோக்கி எடுத்தலே தக்கது. சுவீடன் நாடு புது டிராக்டர்களில் தலைக்குமேற் காப்புச்சட்டம் அமைத்தல் வேண்டுமென 1959-லேயே கட்டளையிட்டு, கவிழ்ந்து மாள்வோர் தொகையை வெகுவாகக் குறைத்தது. அச்சட்டமுள்ள வண்டியில் இருக்கைப்பட்டையும் அணிந்தாலன்றி முழுப்பயன் இல்லை. சட்டத்தை மடக்கிவைத்தவிடத்துப் பட்டை அணிதலோ கேடு.

மட்கார்டின்மேல் இளைஞர் இருவரை ஏற்றிச்செல்லும் வழக்கத்தை யாம் சிறிதும் பொறுக்கோம். ஓட்டுவோனுக்கு ஓர் இருக்கை மட்டும் அமைத்தவர்கள் இரும்பை மிச்சம்பிடிக்க அங்ஙனஞ் செய்தாரல்லர். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கான்பூர்ப் பக்கத்தே, கோயிலுக்குச் சென்று மீண்டோரை ஏற்றிவந்த டிராக்டர் டிராலி குளத்திற் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளுமே.

இத்தகைய நிகழ்ச்சி கேட்டவுடன் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். யாம் இதனை ஒப்போம். தண்டுக்கு மூடி வாங்காதவர் யார்? கூலியாளுக்குக் காலணி கொடாதவர் யார்? அன்றியும், வாடகை மணிக்கணக்கில் எண்ணப்படுகின்றது. ரோட்டவேட்டரின் பற்களில் வைக்கோல் அடைத்துக்கொண்டால், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சுழற்சி அடங்கும்வரை காத்திருந்து அன்றோ கை வைத்தல் வேண்டும்? அதற்குள் நிலத்துக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். உரிமையாளர் கைப்பேசியில் அழைப்பார். இடையில் அகப்பட்ட ஓட்டுநர் ஓடும் பொறியிற் கை நீட்டுவார். நிறுத்திய அந்நிமிடங்களை யார் கணக்கில் எழுதுவதென்பதை வேலை தொடங்குமுன்பே மூவரும் வரப்பில் நின்று பேசிக்கொள்ளல் வேண்டும். எம்மைக் கேட்பின், உரிமையாளர் கணக்கிலேயே எழுதுக என்போம்.