எந்தத் துண்டை அழுத்துவது?

குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால், ஸ்பெல்லிங்கை உருப்போட வைக்கிறோமே தவிர, வார்த்தையில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கவனிப்பதில்லை. எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. ஆனால் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை ஒட்டி நிற்கும்போது, அழுத்தம் இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

'பிளாக்பேர்ட்' என்பதைப் பாருங்களேன். 'பிளாக்'கை அழுத்தி 'பேர்ட்'டைத் தாழ்த்தினால், அது ஐரோப்பாவில் தோட்டங்களில் பாடுகிற ஒரு தனிப் பறவையின் பெயர். பிரித்து, 'பேர்ட்'டை அழுத்திச் சொன்னால் கறுப்பாக இருக்கும் எந்தப் பறவையும்தான், நம் வீட்டுக் காக்காய் உள்பட. வேடிக்கை என்னவென்றால், அந்த பிளாக்பேர்டில் பெண் பறவை பழுப்பு நிறம்! (அங்கேயும் ஆணைப் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.) 'கிரீன்ஹவுஸ்' அப்படியே. 'கிரீன்' அழுந்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' அழுந்தினால் பச்சை பெயின்ட் அடித்த வீடு.

நமக்கு இது புரியாத சங்கதியா என்ன? 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்கிறோம். 'கீரைக்கடை' என்றால் பையை எடுக்கிறோம். நாம் ஒரு 'க்' போட்டுச் செய்கிற வேலையை அவர்கள் அழுத்தத்தால் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒட்டின பெயர்ச்சொல் என்றால் பெரும்பாலும் முதல் துண்டுதான் அழுந்தும். பெட்ரூம், டூத்பிரஷ், ரெயின்கோட் எல்லாம் அப்படி. ஆனால் 'ஆப்பிள் கேக்'கில் ஆப்பிளை அழுத்துகிறவர்கள் 'ஆப்பிள் பை' என்னும்போது 'பை'யை அழுத்துவார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கம்தான் பதில்.

டிக்டேஷனுக்குப் படிக்கும்போது வார்த்தையை ஒட்டின இடத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். ரோட்டுப் பள்ளத்துக்கு 'பாட்ஹோல்' என்கிறோமே, அதில் டியும் எச்சும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் குழந்தை 'பாத்தோல்' என்று படிக்கும். 'பாட்' தனி, 'ஹோல்' தனி என்று நடுவில் கோடு போட்டால் தீர்ந்தது. 'கப்போர்டு'தான் ஏமாற்றுக்காரன். வாயில் 'கபட்' என்றுதான் வரும், பி ஒலிக்காது. எழுதும்போது மட்டும் கப், போர்டு இரண்டும் முழுசாக வேண்டும்.

அழுத்தத்தில் சந்தேகம் வந்தால் டிக்‌ஷனரியைப் புரட்டுங்கள். உச்சரிப்பு கொடுத்திருக்கும் இடத்தில், மேலே சின்னதாக ஒரு நிமிர்ந்த கோடு இருக்கும். பெரும்பாலான டிக்‌ஷனரிகளில் அந்தக் கோட்டுக்கு அடுத்து வரும் துண்டைத்தான் அழுத்த வேண்டும்.