ஷா கேட்ட நாற்பது எழுத்து
ஒரு டிரஸ்ட் செல்ல வேண்டுமானால் நோக்கம், சொத்து, பயனாளி மூன்றும் ஐயமின்றி இருக்க வேண்டும் என்று 1840-இல் லண்டனில் நீதிபதி லாங்டேல் பிரபு வகுத்தார். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே கேட்கிறது.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவிடம் முதல் இரண்டும் இருந்தன. 1950-இல் மறைந்த அவருடைய உயில், ஆங்கிலத்துக்குக் குறைந்தது 40 எழுத்துகள் கொண்ட புது நெடுங்கணக்கை உருவாக்க 21 ஆண்டுகள் வருமானத்தை ஒதுக்கியது. அவருடைய நாடகத்தைத் தழுவிய 'மை ஃபேர் லேடி' ராயல்டியைக் கொட்டத் தொடங்கியிருந்த நேரத்தில், 1957-இல், நீதிபதி ஹார்மன் அது செல்லாது என்றார். டிரஸ்டிகள் கைவிட்டால் நீதிமன்றம் ஏறப்போவது யார், எழுத்துகளா? அறப்பணிக்குப் பயனாளி தேவையில்லை என்ற விலக்கும் கிடைக்கவில்லை.

சட்டம் சரி, ஆனால் இரக்கமற்றது. பணம் ஷாவுடையது, பைத்தியக்காரத்தனமும் அவருடையதே!

மிச்சச் சொத்துக்கு உரிய பிரிட்டிஷ் மியூசியம் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களும் பிறகு சமரசத்துக்கு இணங்கின. புது நெடுங்கணக்குக்கு 8,300 பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஷாவின் 'ஆண்ட்ரோக்ளிஸ் அண்ட் தி லயன்' நாடகம் 1962-இல் புது எழுத்தில் அச்சேறியது.