அகலச் சில்லும் அளவுகோலும்

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, ஏ4 நெடுஞ்சாலை கடற்கரையை அண்மித்துச் செல்லும் பகுதியில் இருக்கிறது கோமாரி. இலங்கைத் தீவின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை அதற்கு அருகில்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கிராமங்களில் கோமாரியும் ஒன்று. அந்த நாட்களில் செய்தி சேகரிப்பதற்காக அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். கடந்த மாரியில், அதே கிராமத்தின் வீதியோரத்தில், கொட்டும் மழையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரத்துக்கு மேல் நிற்க நேர்ந்தது. இம்முறை காரணம் ஒரு காரின் சில்லு.

அந்தக் கார் ஒரு டொயோட்டா ஸ்டார்லட். 1984ஆம் ஆண்டிலிருந்து 1989 வரை ஜப்பானில் உற்பத்தியான, நம்மூர்க் கராஜ்களில் ‘ஈபி 71’ என்ற இலக்கத்தாலேயே அறியப்படும் வகை. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும்; 1.3 லீற்றர் இயந்திரம். எடை எண்ணூறு கிலோவுக்கும் குறைவு. தங்கையின் கணவர் தன் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கிய கார் அது. அவர் காலமான பின்னர் மருமகனின் கைக்கு வந்தது.

பழைய காரைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் வாசகர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வேறு. இன்றும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத கனியே. ஆகவே முப்பத்தைந்து வருடப் பழைமையான கார்களை நம்மவர்கள் பிள்ளைபோல் பராமரிக்கிறார்கள். பராமரிப்பவன் இளைஞனாக இருந்தால் அதை அலங்கரிக்கவும் விரும்புகிறான். அதில் பிழையில்லை.

மருமகனின் அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் அனுப்பிய பணத்தில், 13 அங்குலச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட அலோய் சில்லுகள் பூட்டப்பட்டன. அவை உட்பக்கம் தட்டாமலிருக்கவும் வெளியே எடுப்பாகத் தெரியவும், ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் 10 மில்லிமீற்றர் தடிப்பில் அலுமினியத் தட்டொன்றும் செருகப்பட்டது. “மாமா, வடிவா இருக்கா?” என்று கேட்டான். “வடிவாத்தான் இருக்கு மகன்” என்றேன். உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது.

பொத்துவிலில் பழைய பத்திரிகை நண்பரின் மகளுக்குத் திருமணம். தங்கை, அவளுடைய சிநேகிதி, நான், மருமகன் என நால்வர், பின்னால் பொதிகள். கோமாரியை நெருங்கும்போது வீதியிலிருந்த பள்ளமொன்றில் கார் இறங்கி எழுந்தது. பின்பக்கத்தில் உரசும் சத்தம். அடுத்த கணம் வெடிச்சத்தம். கார் இழுபட்டு, எதிர்த்திசையில் வந்த பஸ்ஸைத் தவிர்த்து, மணலுக்குள் புதைந்து நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால், பின்னாசனத்திலிருந்த தங்கை அன்று முழுவதும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த மெக்கானிக் காக்கா காரை ஜக்கில் ஏற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினார். சுமை கூடியதும் காரின் பின்பகுதி தாழ்ந்திருக்கிறது. வெளியே தள்ளிக்கொண்டிருந்த டயர், மட்காட்டின் உட்புறத் தகட்டு விளிம்பில் கத்தியில் உரசுவதுபோல் உரசியிருக்கிறது. பிறகு மறுபக்கச் சில்லின் நட் ஒன்றைக் கையால் கழற்றி, “தம்பி, எண்ணுங்க” என்றார். நான்கு சுற்றில் நட் கழன்று வந்தது.

“சேர், டயர் வெடிச்சதுக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்க. வெடிக்காம இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தா சில்லே கழண்டிருக்கும்” என்றார் அவர்.

அந்தக் காரின் சில்லு போல்ட் 12 மில்லிமீற்றர் தடிப்பு. போல்ட்டின் தடிப்பளவுக்கேனும் நட் உள்ளே பிடித்திருக்க வேண்டும் என்பது இயந்திரவியலின் பொதுவிதி. புரிகளுக்கிடையிலான தூரம் 1.5 மில்லிமீற்றர், ஆகவே குறைந்தது எட்டுச் சுற்றாவது வேண்டும். இடையில் செருகிய தட்டு அதில் பாதியை விழுங்கிவிட்டது. நான்கு உயிர்கள் நான்கு சுற்றுப் புரியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

நான் படித்தது கலைப்பட்டம். ஆயினும் வீடு திரும்பியதும் தாளையும் பேனையையும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 195/50 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 50 வீதம், உள்விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மொத்த விட்டம் 576 மில்லிமீற்றர் வருகிறது. பழைய 155/80 ஆர் 13 டயரின் விட்டம் 578. “அளவு ஒன்றுதான், வேகமானி கூடப் பிழைக்காது” என்று கடைக்காரர் சொன்னது உயரத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. சொல்லாமல் விட்டது அகலத்தை. 4.5 அங்குலச் சில்லின் இடத்தில் 7 அங்குலச் சில்லைப் பூட்டினால், நடுக்கோடு மாறாவிட்டாலும் வெளிப்பக்கம் 32 மில்லிமீற்றர் கூடுகிறது. அலுமினியத் தட்டோடு 42. மட்காட்டுக்குள் அதற்கு இடமில்லை.

உரசல் மட்டுமல்ல. சில்லின் நடுக்கோடு வெளியே போகப்போக பெயாரிங்கின் மீது நெம்புகோல்போல் சுமை கூடுகிறது. முன்சில்லாயின், பள்ளங்களில் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது. நடுத்துவாரமும் பொருந்த வேண்டும். ஸ்டார்லட்டின் ஹப் 54.1 மில்லிமீற்றர், சந்தையில் விற்கும் அலோய் சில்லுகளின் துவாரம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையத்தைப் போடாவிட்டால் சில்லு நடுவில் அமராமல் அதிரும்.

அகலமான டயர் வீதியைக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது இளைஞர்களின் வாதம். உலர்ந்த வீதியில், பொருத்தமான காரில், அது மெய். எங்கள் கரையிலோ ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. தேங்கிய நீரில் அகலமான டயர் கூடுதலான நீரைத் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது நீரின்மேல் மிதக்கும். பாரம் குறைந்த காரில் அது இன்னும் விரைவில் நிகழும். அதற்கிடையில் வீதியில் மாடு படுத்திருந்தால் பிரேக்கினால் பயனில்லை.

ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வேகச் சிறுகார்களின் முன்னோடிகளில் ஒன்றென உலகமே கொண்டாடும் முதலாவது கோல்ஃப் ஜிரிஐ, 1976இல் 110 குதிரைவலுவோடு விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தது 5.5 அங்குலச் சில்லில் 175/70 ஆர் 13 டயர். அந்தக் காருக்கே அது போதுமாக இருந்ததென்றால், நமது ஸ்டார்லட்டுக்கு 7 அங்குலம் எதற்கு?

இனி அரசின் பக்கம். 2025 ஜனவரியில், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர், தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பெரும் சர்ச்சையாயிற்று. ஆபத்தானதையும் அழகுக்கானதையும் ஒரே தடியால் அடித்தால் சர்ச்சைதான் மிஞ்சும். தனியார் காரொன்றின் வருடாந்த அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறோம். புகைக்குழாயை அளக்கும் அந்த இடத்திலேயே சில்லையும் அளந்தால் என்ன?

ஜெர்மனியில் சில்லு மாற்றுவது குற்றமல்ல. ஆனால், அந்தச் சில்லு அந்தக் காருக்குப் பொருந்தும் என்ற சான்று வேண்டும். தேவையானவிடத்து ‘டியூவ்’ போன்ற பரிசோதனை நிறுவனம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் வீதியில் ஓட்டும் அனுமதியே போய்விடும். மருமகனின் அண்ணன் தன் காரில் அந்த விதியை மீறத் துணியமாட்டான். ஊரிலிருக்கும் தம்பிக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் அந்த எண்ணம் வரவில்லை. அவனைக் குறைசொல்வது என் நோக்கமல்ல; அன்பினால்தான் அனுப்பினான். கடல் கடந்து வாழும் வாசகர்களிடம் நான் கேட்பது இவ்வளவே: தம்பிக்கோ மருமகனுக்கோ சில்லு வாங்கப் பணம் அனுப்புகிறீர்களா, கூடவே சில கேள்விகளையும் அனுப்புங்கள். நட் எத்தனை சுற்றுப் பிடிக்கிறது? நான்கு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, பள்ளத்தில் இறக்கிப் பார்த்தாயா? டயரில் எழுதியிருக்கும் சுமையளவு பழைய டயருடையதைவிடக் குறையாமல் இருக்கிறதா? விடை வந்த பிறகு பணத்தை அனுப்பினாலும் காலந்தாழ்ந்து போகாது.

அரசிடம் கேட்பதும் அதிகமல்ல. அங்கீகரித்த கராஜ்களுக்கு ஓர் எளிய அளவுப் பட்டியலைக் கொடுங்கள். அதற்குள் அடங்குவதற்குச் சான்று கொடுங்கள், அடங்காததை மறுங்கள். வீதியில் மறித்து வாக்குவாதப்படுவதைவிட அது மலிவானது.

மருமகன் பழைய 13 அங்குலச் சில்லுகளைத் தேடியெடுத்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி நிறம் பூசி, 175/70 டயர் போட்டிருக்கிறான். விட்டம் 575, பழையதோடு ஏறத்தாழ ஒன்றுதான், மட்காட்டுக்குள் அடங்கி நிற்கிறது. 15 அங்குலச் சில்லுகள் விறாந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றை விற்கச் சொன்னேன். வாங்குகிறவனும் யாரோ ஒரு தாயை ஏற்றிக்கொண்டுதானே போவான் என்று மறுத்துவிட்டான். தங்கை இப்போது மீண்டும் அந்தக் காரில் ஏறுகிறாள், ஏறுமுன் குனிந்து சில்லைப் பார்த்துவிட்டு.