தறிக்குழி வரை வரட்டும் திட்டம்

பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

ஆரணி வட்டம் கண்ணமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். மாவட்ட சுகாதாரத் திட்டம் வகுக்கும் குழுவில் மானிடவியல் படித்த ஒருவரைச் சேருங்கள். எங்கள் பகுதித் தறி வீடுகளோடு சில மாதம் பழகிப் பார்ப்பதை அவருடைய முதல் வேலையாக வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெரிய காரியம். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வாங்கியவர் அதை விழுங்குவாரா என்பது வாசலுக்கு உள்ளே, தறிக்குழியில்தான் முடிவாகிறது. குழித்தறியில் பட்டு நெய்பவர் நாள் முழுக்கக் கால்களைக் குழிக்குள் விட்டு, வெறுங்காலால் மிதித்துக்கொண்டே இருக்கிறார். ரத்தக்கொதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். வீங்கிய காலுக்கு அவர் எதைக் குற்றம் சொல்வார், தறியையா, மாத்திரையையா? மாத்திரைதான் என்று நினைத்தால் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடக்கூடும். சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரையென்றால் அடிக்கடி குழியிலிருந்து எழ வேண்டும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு எழுந்த நேரமெல்லாம் நஷ்டம். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு மிதிக்கட்டை உரசிய புண் தெரியவே தெரியாது. ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதிவிட்டால் இத்தனையும் அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோகும்.

பெண்கள் பாடு இன்னும் மறைவானது. தார் சுற்றுவதும் பாவு வேலைக்குக் கைகொடுப்பதும் அவர்கள்தான், அடுப்படி வேலைக்கு நடுவே. தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதப்பட்டால், அந்த வேலையால் வரும் தோள்வலிக்குக் காரணம் தேட யாருக்குத் தோன்றும்?

இப்படிக் கூர்ந்து பார்த்துத் திட்டம் போட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் நடந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, விளைச்சலையும் வருமானத்தையும் கணக்கெடுத்ததோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் யாருக்கு என்ன உணவு, எந்த நம்பிக்கையால் என்பதையும் விசாரித்தது. அதன் வழியில் 1980-இல் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தது. ஊழியர்களை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்தார்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை. எவ்வளவு நுட்பமான தேர்வு அது! அந்தத் தாய் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரி தட்டமாட்டாள்.

பிறகு 1995-இல் மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் சென்னையிலும் அருகிலுள்ள மீனவர் குப்பத்திலும் பெண்களோடு பழகி ஆய்வு செய்தார். அவருடைய நூல் 2003-இல் வெளிவந்தது. பிரசவம் முடிந்த கையோடு, சரியாகச் சம்மதம் கேட்காமலே கருத்தடைச் சாதனம் பொருத்தியதையும், அந்தப் பயம் பெண்களை அரசு மருத்துவமனைப் பக்கம் போகத் தயங்க வைத்ததையும் அதில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கியிருந்தால் காரணம் வெளியே வந்திருக்காது.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது, உடலைப் பையில் கட்டி எடுத்துப்போனதால் சொந்தக்காரர்கள் சாவையே மறைத்தார்கள். மானிடவியலாளர்களும் சமயத் தலைவர்களும் சேர்ந்து பேசிய பின், அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க நெறிமுறையை மாற்றியது. குடும்பம் பிரார்த்தனை செய்யவும் இடம் கிடைத்தது.

ஆளுக்கும் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறைகள் உள்ளன. அங்கே படித்து வருபவர்களுக்குச் சுகாதாரத் துறையில் நிரந்தரப் பணியிடம் கொடுங்கள். சில மாத ஒப்பந்தத்தில் வருபவர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார், அறிக்கையைத் திட்டமாக்க ஆள் இருக்காது. மானிடவியலாளர் கண்டதை, மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் பெண்களிடமும் கேட்டுச் சரிபாருங்கள். தெருவை அவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் ஈரம் ஏறும், நெசவு மந்தமாகும். நெய்பவருக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான். இந்த மழைக்காலத்துக்குள் ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கண்ணமங்கலத்துக்காரன் ஒருவன்