விதையை எடுத்தாங்க, சுண்ணாம்பை விட்டாங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, நெட்ல இருந்து ஒரு கோடை அப்படியே எடுத்துப் போடுவோம். அதுல நமக்குப் புரியாத ரெண்டு வரி இருக்கும். "இது எதுக்கு வெட்டியா?"ன்னு தூக்கிடுவோம். அன்னிக்கு ஓடும். மறுநாள் எக்ஸ்டர்னல் முன்னாடி புட்டுக்கும்.

மக்காச்சோள விஷயத்துல ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதே தப்பைத்தான் செஞ்சாங்க. அங்க போனது மார்க் இல்ல, உயிர்.

மக்காச்சோளத்தோட சொந்த ஊர் மெக்சிகோ. டியோசின்ட்டே என்ற காட்டுப் புல்லில் இருந்து, சுமார் 9000 வருஷத்துக்கு முன்னாடி அங்கிருந்த மக்கள் அதை உருவாக்கினார்கள். தனியா விதைக்கவும் இல்ல. கூடவே பீன்ஸும் பூசணியும் போட்டாங்க. பீன்ஸ் கொடி சோளத்தட்டையைப் பிடிச்சு ஏறும், மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காப்பாத்தும். இந்த வயலுக்குப் பேர் மில்பா.

அறுவடை முடிஞ்சு சமையலுக்கு வந்தா, காய்ஞ்ச மணியை அப்படியே அரைக்க மாட்டாங்க. சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில தோலைக் கழுவி எடுப்பாங்க. சுண்ணாம்பு ரொம்ப வேண்டாம், ஒரு கிலோவுக்கு 10 கிராம் அளவு போதும். இப்படி வெந்த மணிதான் நிஷ்டமால். அதை மெட்டாட்டேயில அரைப்பாங்க. எரிமலைப் பாறையில செஞ்ச, மூணு கால் வெச்ச சரிவான கல் அது. பார்க்க நம்ம அம்மி மாதிரி இருக்கும், ஆனா முட்டி போட்டுத்தான் அரைக்கணும். அந்த மாவைத் தட்டி, கோமால்ங்கிற தட்டையான மண் சட்டியில சுட்டா டார்ட்டில்லா. சோளத்தோகையில பொதிஞ்சு ஆவியில வேகவெச்சா தமால்.

இந்தச் சுண்ணாம்பு ஸ்டெப் எதுக்கு? முதல் பலன் கைக்கே தெரியும். சாதாரண மக்காச்சோள மாவுல ரொட்டி தட்டினா ஓரமெல்லாம் விண்டு போகும். சுண்ணாம்பு மணியின் தோலைக் கரைச்சு ஒரு பசைத்தன்மையைக் கொடுக்குது, அதனால மாவு சேர்ந்து நிக்குது. ரெண்டாவது பலன் கண்ணுக்குத் தெரியாது. மக்காச்சோளத்துல நயாசின், அதாவது வைட்டமின் பி3 இருக்கு. ஆனா பெரும்பகுதி மணியில இருக்கிற வேற பொருட்களோட பிணைஞ்சு கிடக்கிறதால நம்ம குடலால அதை எடுக்க முடியாது. காரம்தான் அந்தப் பூட்டைத் திறக்குது.

1492-க்கு அப்புறம் மக்காச்சோளம் கப்பல் ஏறி ஐரோப்பா போச்சு. சுண்ணாம்பு ஏறல. வட இத்தாலியில ஏழைகளுக்கு மக்காச்சோளக் கூழான பொலென்டாவே மூணு வேளைச் சாப்பாடானது. 1735-ல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காஸல் ஒரு புது நோயைப் பத்தி எழுதினார். 1771-ல் இத்தாலியில அதற்கு பெல்லாக்ரா என்று பேர் வந்தது. முதல்ல தோல் வெடிக்கும், அப்புறம் வயித்துப்போக்கு, அப்புறம் புத்தி பேதலிக்கும், கடைசியில சாவு. சுண்ணாம்பும் பீன்ஸும் சேர்த்துச் சாப்பிட்ட மெக்சிகோவில் இந்த நோய் இப்படிப் பரவல.

20-ம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்காவோட தென் மாநிலங்களிலும் இதே கதை. தொற்று நோய்னு நிறைய டாக்டர்கள் அடிச்சுச் சொன்னாங்க. 1914-ல் அரசு அனுப்பின ஜோசப் கோல்ட்பெர்கர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிச்சார். அநாதை இல்லத்துல பிள்ளைகளுக்கு நோய் வருது, கூடவே இருக்கிற ஊழியர்களுக்கு வரல. தொத்துற நோய்னா ஆள் பார்த்தா வரும்? சாப்பாட்டை மாத்தினார், நோய் போச்சு. அப்பவும் நம்பாதவங்களுக்காக நோயாளி ரத்தத்தைத் தன் உடம்புலயே ஊசி போட்டுக் காட்டினார். நோய்க்குக் காரணம் நயாசின் குறைபாடுன்னு உறுதியானது 1937-க்கு அப்புறம். அதைப் பார்க்க அவர் உயிரோட இல்ல.

இதைப் படிச்சதும் சிலருக்கு "பார்த்தியா, முன்னோர்கள் எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சாங்க"ன்னு ஃபார்வர்டு போடத் தோணும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்தப் பெண்களுக்கு நயாசின்னா என்னன்னு தெரியாது. தோல் சுலபமா உரியுது, மாவு விண்டு போகல, உடம்புக்கு ஒத்துக்குதுன்னு பார்த்துப் பார்த்து வெச்சுக்கிட்ட முறை அது. தவிர, பழசு எல்லாமே காப்பாத்த வேண்டியதும் இல்ல. மெட்டாட்டே முன்னாடி தினமும் பல மணி நேரம் முட்டி போட்டு இடுப்பு ஒடிஞ்சது பெண்களுக்குத்தான். போன நூற்றாண்டுல ஊருக்கு ஊர் அரவை மில் வந்தது, அந்தப் பாடு குறைஞ்சது. நல்லதுதானே!

ஆனா ஒண்ணு. மில்லுக்குத் தூக்கிட்டுப் போனது சுண்ணாம்புல வெந்த மணியைத்தான். இன்னிக்கு பாக்கெட்ல வர்ற மாசா மாவும் அப்படித்தான். கல்லை மாத்தினாங்க, சுண்ணாம்பை மாத்தல. எந்த ஸ்டெப் வெறும் உழைப்பு, எந்த ஸ்டெப் உயிர் காக்கிறதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் இன்ஜினியரிங். ஐரோப்பா தவறவிட்டது அதைத்தான்.

நம்ம ப்ராஜெக்ட் பிபிடியில முதல் ஸ்லைடே "பழைய முறையில் உள்ள குறைகள்"தான். அந்த வேலையைத் தினம் செய்யறவங்களை நேர்ல பார்த்துட்டு எழுதினவங்க நம்மள்ல எத்தனை பேர்? அடுத்த தடவை போய், ஒவ்வொரு ஸ்டெப்பையும் காட்டி "இது எதுக்கு?"ன்னு கேளுங்க. "எங்கம்மா இப்படித்தான் செய்வாங்க"ன்னு மட்டும்கூடப் பதில் வரலாம். அதையும் நோட்ல எழுதிக்கோங்க. லேப்ல ஒரு தடவை அந்த ஸ்டெப்போட, ஒரு தடவை அது இல்லாம செஞ்சு பாருங்க. தூக்கறதை அப்புறம் தூக்கலாம்.