ஸ்டீயரிங்கில் புது ஏர்பேக் மாட்டுறீங்களா? இந்த 6 விஷயங்களைக் கவனிங்க!

விபத்தில் அடிபட்ட காருக்கு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டது. விரிந்துபோன டிரைவர் ஏர்பேக்கின் ஒரிஜினல் விலையைக் கேட்டால்தான் தலைசுற்றும். 'பழைய பார்ட்ஸ் கடையில பாதி விலைக்குக் கிடைக்கும் சார், அரை மணி நேரத்துல மாட்டிடலாம்' என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நில்லுங்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். மோதிய சில பத்து மில்லி விநாடிகளில் அது விரிந்தாக வேண்டும். அதற்காக உள்ளே இருப்பது, மின் தூண்டுதல் கிடைத்ததும் எரிந்து வாயுவைக் கக்கும் ரசாயனம். அதனால் இதை வீட்டில் நாமே கழற்றிப் பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் செய்யும்போது, இவற்றைக் கவனியுங்கள்.

1. காத்திருப்பு: சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய உடனே ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது. கன்ட்ரோல் யூனிட்டில் சேமிப்பாக இருக்கும் மின்சாரமே ஏர்பேக்கை விரிக்கப் போதும். எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

2. பிடிக்கும் விதம்: கவர் பக்கம் உடம்பை நோக்கி இருக்கக் கூடாது. மேஜையில் வைத்தால் கவர் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்திருக்கும்போது விரிந்தால், மொத்த யூனிட்டும் ராக்கெட் போலக் கிளம்பும்.

3. மல்டிமீட்டர்: ஏர்பேக்கின் முனைகளில் இதை வைத்து டெஸ்ட் செய்யவே கூடாது. அந்தச் சின்ன மின்சாரமே அதைத் தூண்டிவிடலாம்.

4. க்ளாக் ஸ்பிரிங்: ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுருண்டு விரியும் வயர் இது. ஸ்டீயரிங்கையே கழற்றினால், முன் டயர்கள் நேராக இருக்க, இதைச் சரியாக நடுவில் நிறுத்தி மாட்ட வேண்டும். தவறினால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும்.

5. கனெக்டர்: 'க்ளிக்' சத்தத்தோடு லாக் ஆக வேண்டும். பிறகு பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்க வேண்டாம்.

6. விளக்கு: இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டாலும் தப்பு, அணையாவிட்டாலும் தப்பு.

ஆனால், விளக்கை மட்டும் நம்பவும் முடியாது. ஏர்பேக்குக்குப் பதில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தாலே விளக்கு அணைந்துவிடும். உள்ளே பை இருக்காது! செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோருக்கு இது நேரடி ஆபத்து. பழைய ஏர்பேக் வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்தும் வந்திருக்கலாம். வெப்பமும் ஈரமும் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் டகாட்டா நிறுவன ஏர்பேக்குகளே உதாரணம். ரசாயனம் கெட்டு, உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்கள் போயின. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

எனவே, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், பார்ட் நம்பரோடு பில் வாங்குங்கள். புதுப் பெட்டியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். விரிந்த காரில் சென்சார், கன்ட்ரோல் யூனிட், சீட் பெல்ட் ஆகியவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சீட்டை நகர்த்தி, நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது விடுங்கள். சீட் பெல்ட்டை மறக்காதீர்கள். பெல்ட் போடாதவரை ஏர்பேக்கே காயப்படுத்திவிடக்கூடும்!